சீனி வருத்தக்காரர் விடும் பிழைகள்

சீனி வருத்தம் (நீரிழிவு) என்று கிளினிக் கொப்பியைப் புதிதாகக் கையில் வாங்கியவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பழைய ஆட்கள் நாங்கள் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். தேநீருக்குச் சீனி போடாதே என்பதை எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

நோகவில்லை என்று காலைக் கவனிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்தால் காயம் ஆறாது. நோகட்டும், பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது.

எங்கள் பக்கத்து அண்ணை ஒருவர் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, வைகாசி வெயிலில் முள்ளியவளையிலிருந்து வெறுங்காலோடு நடந்தார். உள்ளங்கால் கொப்பளித்தது அவருக்கே தெரியாது. பாய் ஈரமாகக் கிடந்ததைப் பார்த்து மனைவிதான் கண்டார். "நோகேல்லை, விடு" என்றுவிட்டு மஞ்சளைப் பூசிக்கொண்டு வயலில் இறங்கினார். கிளினிக்குக்குப் போகும்போது பெருவிரல் கறுத்துவிட்டது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. உழுது விதைத்த மனுசன். அம்மன் அவரிடம் காலையா கேட்டா?

நேர்த்தியை விடச் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் போங்கள், கோயிலடி வரை செருப்போடு நடங்கள், உள்ளே தடித்த காலுறை போடுங்கள். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய ஏலாதவர்கள் நிலத்தில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள். காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். சின்னக் கீறல் என்றாலும் அன்றே காட்டுங்கள்.

கிளினிக்குக்கு முந்தின கிழமை மட்டும் ஒழுங்காகக் குளிசை போடுவது

ஒரு கிழமைக் குளிசையால் மறைக்க ஏலாது. எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடந்த 2, 3 மாதத்துச் சராசரிச் சீனி அளவையும் காட்டிவிடும்.

இன்சுலினை வெக்கையில் வைப்பது

திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பாவிக்கிற போத்தலையாவது, ஈர மணலில் வைத்த மண்முட்டிக்குள் வையுங்கள். ஐஸில் உறைந்துபோனால் எறிந்துவிடுங்கள்.

கை நடுங்கி வியர்க்கும்போது பொறுத்துப் பார்ப்பது

இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்ததன் அடையாளம் அது, பொறுக்காதீர்கள். உடனே 3 தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் திரும்பவும் குடியுங்கள். விடியவே வயலுக்குப் போகிறவர்கள் மடியில் நாலு டொபி வைத்திருக்க வேண்டும்.