காவடி எடுக்கிறவர்கள் தண்ணீர் குடிக்கவேண்டிய முறை

மொரீஷியஸில் தைப்பூசம் வருவது கோடையின் நடுவில். விரதம் இருந்த உடம்பு, வெறுங்கால், தார்ரோட்டுச் சூடு, போதாததற்கு நாக்கில் வேல் குத்தியவர் கோயில் போய்ச் சேரும்வரை ஒரு மடக்குக்கூடக் குடிக்க முடியாது. அதனால் முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். கிளம்பும்போது ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பது வீண், ஏனென்றால் இரத்தம் நீர்த்ததுமே நீரைப் பிடித்து வைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை மூளை குறைத்துவிடும், குடித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே சிறுநீராகப் போய்விடும்.

வாசோப்ரெசின் என்பது 9 அமினோ அமிலம் கோத்த குட்டி பெப்டைட் ஹார்மோன். இரத்தத்தின் அடர்த்தி 1 சதவீதம் ஏறினாலே சுரக்கும், சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில் தண்ணீர் வழிகளைத் திறந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மதியம் சிறுநீர் அடர் மஞ்சளாக, கொஞ்சமாக வருவது அதனால்தான்.

உப்பைப் பிடித்து வைப்பது ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோன். பிரஷர் மாத்திரைகளில் பல அதைத்தான் தடுக்கின்றன, சில மாத்திரைகள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் விரதம் தொடங்குமுன் டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

முக்கியமானது காவடி இறக்கிய பிறகுதான். என் தம்பி நாக்கில் குத்திய வேலைக் கழற்றியதும் இரண்டு பாட்டில் பச்சைத்தண்ணீரைக் கடகடவென்று குடித்தான், அரைமணியில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி. வலியும் குமட்டலும்கூட வாசோப்ரெசினைச் சுரக்க வைக்கும், அப்போது குடிக்கிற நீரைச் சிறுநீரகம் வெளியே விடாது, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஆகவே உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ அரை டம்ளர், பத்து நிமிடம் கழித்து இன்னொரு அரை டம்ளர், அப்படியே போகட்டும். அப்புறம் வாழையிலையில் ஏழு கறி, ஊறுகாய் என்று சாப்பிட்டால் மீதி உப்பு வந்துவிடும். கூடிப்போனால்? இதய மேலறை விரிந்து ஏ.என்.பி. என்ற 28 அமினோ அமில பெப்டைடைச் சுரக்கும், அது உப்பை வெளியேற்றச் சொல்லும். 1981-இல் டி போல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதய மேலறைச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டபோது அவை உப்பையும் நீரையும் மளமளவென்று கழித்ததைக் கண்டார்கள். ஆனால் இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் இதை நம்பி ஊறுகாயில் கைவைக்கக் கூடாது.

சாயங்காலம் சிறுநீர் வெளிறினால் சரி. இரவாகியும் வரவில்லை, பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார் என்றால் மேலும் தண்ணீர் ஊட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், எவ்வளவு குடித்தார் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.