தண்ணீர்மலை முதல் கொடிமலை வரை: பூங்காவிலும் மலைத்தடத்திலும் சக்கரத்தோடு போகும் முறை

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் சைக்கிளையோ மோட்டாரையோ மின்ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே இருப்பது ஒரே பூங்கா அல்ல என்பதை. இளைஞர் பூங்காவைப் பினாங்கு மாநகர் மன்றம் பார்த்துக்கொள்கிறது. தாவரவியல் பூங்கா மாநில அரசின் கையில். அதன் வாசலுக்கு வெளியே தொடங்கி மலையேறும் ஜீப் தடம் கொடிமலை (பினாங்கு ஹில்) நிர்வாகத்தின் கீழ் வருகிறது. தடத்தைவிட்டு காட்டுக்குள் இறங்கினால் வன இலாகா. நீர்வீழ்ச்சி, அணை, குழாய் போகும் பக்கமெல்லாம் தண்ணீர் விநியோகக் கழகம். ஒரு காலை நடைக்குள் இத்தனை எல்லைகளையும் தாண்டிவிட முடியும். ஒரு வாசலில் சைக்கிளை விட்டார்கள், அடுத்த வாசலிலும் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகும்போதுதான் காவலரோடு வாக்குவாதம் வருகிறது.

அதனால் ஒவ்வொரு வாசலிலும் பலகையை நின்று படியுங்கள். பெரும்பாலும் மலாயில்தான் இருக்கும். ‘கெண்டராஆன் டிலாராங் மாசோக்’ என்றிருந்தால் எந்த வண்டியும் உள்ளே போகக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனாலும் அது வண்டிதான். ‘லாலுவான் பெஜாலான் காக்கி’ என்பது நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிள் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால் குழந்தையின் சின்னச் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். ‘கவாசான் தாடாஹான் ஆயர்’ என்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி. ‘ஹுத்தான் சிம்பான் கெக்கால்’ என்றால் நிரந்தரக் காப்புக் காடு. கடைசி இரண்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடப்பட்ட காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால், 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாநகர் மன்றப் பூங்காவில் துணைச் சட்டத்தை மீறினால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் 2,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்த வட்டாரத்தில் ஒரு பூங்காவில் செய்த அதே தவற்றுக்கு வேலியின் மறுபக்கத்தில் எத்தனை மடங்கு தண்டனை என்று பாருங்கள்.

மின்ஸ்கூட்டர் வாங்கியவர்கள் அதிகம் குழம்புவது சட்டத்தில். 2021 டிசம்பர் முதல் மின்ஸ்கூட்டர், மின்பலகை, ஒற்றைச் சக்கர மின்வண்டி போன்ற சிறுவகை வண்டிகள் பொதுச் சாலையில் ஓடக் கூடாது. ஊராட்சி மன்றம் ஒதுக்கிய இடங்களில் மட்டுமே ஓட்டலாம். அப்படியானால் ஜாலான் கெபுன் பூங்ஙா வழியாகப் பூங்கா வரை ஓட்டிக்கொண்டு வருவதே தப்பு. கார் பூட்டில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். உள்ளே அதை ஓட்ட இடமிருக்கிறதா என்பது அந்தந்தப் பூங்கா சொல்வது. மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற, 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கிலோமீட்டரோடு உதவி நின்றுவிடுகிற மின்சைக்கிள் வேறு வகை. அது சைக்கிளாகவே கருதப்படும். கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே ஓடுகிறதென்றால் அது சைக்கிள் அல்ல. கடைக்காரர் ‘லைசன்ஸ் தேவையில்லை’ என்று சொன்னதை நம்பி மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மோட்டார் நிறுத்துவது பற்றி. நடைபாதையின் முனையில், சங்கிலி போட்ட கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த வழியாகத்தான் ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டும், சக்கர நாற்காலியும் திரும்ப வேண்டும். கட்டணக் கட்டத்தில் நிறுத்தினால் செயலியில் பணம் கட்டுங்கள். மோட்டார் கூடையில் நாசி லெமாக் பொட்டலத்தையோ பிஸ்கட்டையோ விட்டுப் போகாதீர்கள். பூங்கா வாசல் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சத்தமே போதும். ஒரு பொட்டலத்துக்காக நாலைந்து குரங்குகள் மேலே ஏறும்போது வண்டி சாயும், கண்ணாடி உடையும், இருக்கை உறை கிழியும். தைப்பூசத்துக்கு முன்பும் பின்பும் அந்தச் சாலை முழுவதும் தண்ணீர்ப் பந்தலும் காவடியும்தான்; அந்த நாட்களில் மலைத்தடத்துக்கு வண்டியில் வரும் திட்டமே வேண்டாம்.

யார் யாருக்கு வழிவிடுவது?

விதி ஒன்றுதான்: சக்கரம் வைத்திருப்பவர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். தாவரவியல் பூங்கா 1884-இல் உருவானபோது கார் என்ற வண்டியே பிறந்திருக்கவில்லை. அந்தப் பாதைகள் நடப்பதற்காகப் போட்டவை, இன்றும் அவற்றின் அகலமும் வளைவும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவரும் நடப்பவர் கணக்கில் சேர்த்தி. இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் இறங்குபவர் நின்று ஏறுபவரை விடுங்கள்; செங்குத்தில் ஒருமுறை காலை ஊன்றியவரால் மறுபடி மிதித்துக் கிளம்ப முடியாது.

பின்னாலிருந்து தாண்டும்போது 20 மீட்டருக்கு முன்பே மணியடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் மனிதர்கள் திடுக்கிட்டு, பெரும்பாலும் நீங்கள் வரும் பக்கமே நகர்வார்கள். மணிக்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘அங்கிள், தும்பாங் லாலு’ என்றால் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒதுங்குவார்கள். தமிழ்ப் பெரியவர் என்று தெரிந்தால் ‘ஐயா, வலப்பக்கமா வர்றேன்’ போதும். எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதைச் சொல்வதுதான் முக்கியம். அவர் காதில் இயர்போன் இருந்தால் குரலை உயர்த்தாதீர்கள். நடக்கும் வேகத்துக்கு இறங்கி, அவர் திரும்பிப் பார்த்த பிறகு தாண்டுங்கள். தாண்டும்போது ஒரு கை நீளமாவது இடைவெளி வேண்டும். அவ்வளவு இடமில்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு ஜீப் தடத்தில் ஏறிவரும் ஜீப். அங்கே அனுமதி பெற்ற நான்கு சக்கர இழுவை வண்டிகள் மட்டும் போகும். மேலே குடியிருப்பவர்களுக்கும் தோட்டங்களுக்கும் சாமான் ஏறுவது அதில்தான். ஈரமான செங்குத்து வளைவில் நின்றுவிட்டால் டயர் சுழலும், வண்டி பின்னால் சறுக்கும். எனவே எஞ்சின் சத்தம் கேட்டதும் நடப்பவர்கள்தான் ஒதுங்க வேண்டும். எப்படி ஒதுங்குவது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வளைவில் நிற்காதீர்கள், நேரான பகுதிக்கு வந்துவிடுங்கள். பள்ளத்தாக்குப் பக்க விளிம்பு வேண்டாம்; மலைச்சரிவுப் பக்கம் நில்லுங்கள், அங்கே ஓடும் வடிகாலில் மட்டும் கால் வைக்காதீர்கள், பாசி பிடித்திருக்கும். குழுவாகப் போனால் எல்லாரும் ஒரே பக்கம். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பிரிந்தால், கடைசி நொடியில் பிள்ளை அம்மாவைத் தேடி குறுக்கே ஓடும். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை தெரியாது.

இறக்கத்தில் பிரேக்

மேலே போவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். காயம் படுவது இறங்கும்போது. ஜீப் தடம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில் 600 மீட்டருக்கு மேல் உயர்கிறது. 100 மீட்டருக்குச் சராசரி 12 மீட்டர், சில இடங்களில் அதைவிட மோசம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது 530 கிலோஜூல் சக்தி வெளியேற வேண்டும். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மெதுவாக இறங்கும்போது காற்று உங்களைத் தடுப்பது சொற்பம், ஏறக்குறைய அத்தனையும் சின்னஞ்சிறு பிரேக் கட்டைகளிலும் அவை பிடிக்கும் விளிம்பிலோ வட்டிலோ சூடாக இறங்குகிறது.

விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக் என்றால் சக்கர விளிம்பே சுடும். உள்ளேயிருக்கும் டியூபில் காற்று விரிந்து, டயர் விளிம்பைவிட்டுக் கழன்று, டியூப் வெடிக்கும். வட்டு பிரேக்கில் எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும். நெம்பை அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பிடிக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: லேசாக அழுத்தியபடியே நீண்ட நேரம் இறங்குவது. அழுத்தினால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு சற்று விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். முன், பின் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்பு. வளைவுக்குள் அழுத்தினால் பாசியில் முன்சக்கரம் நழுவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். சூடான வட்டைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், வட்டு கோணிவிடும். வழியில் 84 என்ற எண்ணுள்ள நிறுத்தத்தில் நடப்பவர்கள் தேநீர் குடித்து இளைப்பாறுவார்கள். சைக்கிளுக்கும் நல்ல நிறுத்தம் அது. அந்த இடத்தை நடந்தே கடந்து செல்லுங்கள்.

எவ்வளவு வேகம் சரி? ஈரமான 15 சதவீத இறக்கத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஆளைப் பார்த்து கை அழுத்துவதற்குள் 7 மீட்டர் போய்விடும், அதற்குப் பிறகு நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் பிடிக்கும். 10 கிலோமீட்டரில் வந்தால் மொத்தமே 7 மீட்டர்தான். மூங்கில் புதர் மறைக்கிற வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரமே பத்து மீட்டர். ஆகவே வளைவுகளில் 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், அந்த வேகத்திலும் மணியடித்துக்கொண்டே வாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே பாருங்கள்: பிரேக் கட்டையின் தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். நெம்பை முழு பலத்தில் பிடித்தால் கைப்பிடியைத் தொடக் கூடாது. பின்பிரேக் இல்லாத சைக்கிள், தாழ்த்திக் கட்டிய ‘பாசிக்கால் லாஜாக்’ இரண்டும் இந்த மலைக்கு வரவே கூடாது. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மண் தடம்

தார் விட்டு மண் தடத்தில் ஓட்ட அனுமதி உள்ள இடங்களில், மழைக்குப் பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். இருபது அடி ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். டயர் அச்சு லேசாகப் பதிந்திருந்தால் போகலாம். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தால் திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் அடுத்த மழையின் தண்ணீர் ஓடும், ஓடும் தண்ணீர் மண்ணை அரிக்கும், வேர் வெளியே வரும், நடப்பவர் கால் இடறும். சேறு தேங்கிய இடத்தைச் சுற்றிப் போவதும் கெடுதல்தான்; ஆளுக்கொரு பக்கம் சுற்றினால் தடம் அகலமாகிக்கொண்டே போகும், ஓரத்துச் செடி சாகும். நடுவிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். படிக்கட்டிலும் மரப்பாலத்திலும் கண்டிப்பாகத் தள்ள வேண்டும்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. தடம் மூடியிருக்கிறது என்று கயிறோ தடுப்போ போட்டிருந்தால், வெயில் அடிக்கிறதே என்று நுழையாதீர்கள். மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் சரிவைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். இடி முழங்கினால் சைக்கிளை விட்டுத் தள்ளி நில்லுங்கள், தனி மரத்தடி வேண்டாம்.

யாராவது விழுந்தால் 999. பேசும்போது ‘மலையில்’ என்று சொன்னால் தேடுவார்கள். கடைசியாகக் கடந்த நிறுத்தத்தின் எண்ணையும், ஏறும்போதா இறங்கும்போதா என்பதையும் சொன்னால் நேரே வருவார்கள். ஒவ்வொரு எண் பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போனால் இது சுலபம். வளைவுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வருகிறவர்களை நிறுத்துங்கள், இல்லையென்றால் விழுந்தவர் மேல் அடுத்த சைக்கிள் வந்து ஏறும். தடை செய்த பாதையில் மோட்டார் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மறித்துச் சண்டை போட வேண்டாம். இடம், தேதி, நேரம், வண்டி எண், எந்தப் பக்கம் போனது என்ற ஐந்தையும் குறித்து, அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுக்கே அனுப்புங்கள். மாநகர் மன்றத்துக்கு அனுப்பிய புகார் ஜீப் தடத்தைப் பற்றியதென்றால், கைமாறிப் போய்ச் சேர நாளாகும்.