ஊர்ல கார் எடுத்து ஓட்டப்போறீங்களா? டேஷ்போர்டுல வார்னிங் லைட்டு வந்து வந்து போனா பயப்படாதீங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து தமிழ்நாட்டுல பாட்டன் ஊருக்குப் போற நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப தாங்களே கார் எடுத்து ஓட்டுறாங்க. பாட்டன் கூலி வேலைக்குக் கப்பல்ல வந்தப்ப எழுதின லிஸ்டுல அவரு பேருக்கு நேரா எழுதியிருக்குற கிராமம் பெரும்பாலும் பஸ் ரூட்ல இருக்காது, நாலு ஊரு விசாரிச்சு அலையணும், சொந்தமா வண்டி இருந்தாத்தான் சரிப்படும். அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், ஸ்டியரிங் வலது பக்கம், அதனால கை பழகிடும். வழி கேக்கும்போது மட்டும் "ரோபோட்ல ரைட்டு திரும்பணுமா"ன்னு கேட்டு வைக்காதீங்க, நாம இங்க ரோபோட்டுன்னு சொல்றது அங்க சிக்னல்!

ஏஏ (ஆட்டோமொபைல் அசோசியேஷன்) கிட்ட இன்டர்நேஷனல் ட்ரைவிங் பர்மிட் இங்கயே வாங்கிடுங்க. வாடகைக்கு எடுக்குற செல்ஃப் ட்ரைவ் வண்டிக்கு கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும், வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குன்னு குடுத்தா வேண்டாம், ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிருவான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன தடவை திருச்சில எடுத்த வண்டி, ராத்திரி ஏசி, ஹெட்லைட்டு எல்லாம் போட்டுட்டு மெதுவா போனா ஸ்டியரிங் லைட்டு, ஏபிஎஸ்ங்கிற பிரேக் லைட்டு ரெண்டும் சேந்து எரியும், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், கொஞ்ச தூரம் போனா தானா சரியாயிடும், மெக்கானிக்கைப் பாத்துட்டா ரொம்ப நல்ல புள்ளை. வாடகைக்காரரு ஸ்கேன் போட்டுட்டு "ஈசியூ போச்சு சார், செலவு பாதி பாதி"ன்னாரு, ஈசியூன்னா வண்டியோட கம்ப்யூட்டர். கடைசில பாத்தா பேட்டரி நெகட்டிவ் டெர்மினல் பூத்துப்போய் கையால திருகினாலே சுத்துது. சுரண்டித் தொடைச்சு 10ஆம் நம்பர் ஸ்பேனர்ல இறுக்கினதோட சரி.

ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு மூணு லைட்டு ஒரே நேரத்துல எரிஞ்சா, அத்தனை பாகமும் ஒண்ணா கெட்டுப்போக சான்ஸ் கம்மி, முதல்ல கரண்டைப் பாருங்க. பேட்டரில மீட்டர் வச்சா, ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், 12.2னா பாதிதான் சார்ஜ், இன்ஜின் ஓடும்போது பொதுவா 13.8ல இருந்து 14.5 வரைக்கும். அது சரியா இருந்தா அப்புறம் பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வண்டி பாடிக்குப் போற எர்த் வயரு, பியூஸு, கடைசியாத்தான் சென்சாரு.

கூடவே ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், அதாவது வண்டியோட ஸ்கேன் சாக்கெட்டுல சொருகுற சின்ன கருவி, பையில போட்டுக்கோங்க, என்ன கோளாறுன்னு வண்டி பதிஞ்சு வச்சிருக்குற கோடு நம்பரு போன்லயே தெரியும், வோல்டேஜும் தெரியும். ஆனா கோடு என்ன சொல்லுதோ அந்தப் பாகத்தை உடனே மாத்தணும்னு இல்ல, அந்த சென்சாருக்குப் போற வயரு லூஸா இருந்தாலும் அதே கோடுதான் வரும். யாரும் "க்ளியர் பண்ணிடலாம்"னு சொல்றதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, எப்ப வந்துச்சு, மழையா, வெயிலா, மேடு பள்ளமா, என்னென்ன ஓடிட்டிருந்துச்சுன்னும் எழுதிக்கோங்க, எலக்ட்ரீசியனுக்கு அந்தக் குறிப்பு பாதி வேலை.

ஊருக்குன்னே இருக்குற வில்லங்கம் மூணு. ஒண்ணு எலி, மாமா வீட்டு மரத்தடியில ரெண்டு வாரம் நின்ன வண்டின்னா பானெட்டைத் திறந்து வயரைக் கடிச்சிருக்கான்னு பாத்துட்டே சாவியைப் போடுங்க. ரெண்டு வாட்டர் சர்வீஸு, இன்ஜின் மேல பிரஷர்ல தண்ணி அடிச்சா கனெக்டருக்குள்ள ஈரம் போயி ரெண்டு நாள் கழிச்சு இன்ஜின் மிஸ் அடிக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க. மூணாவது நம்மளே பண்றது, முன்சீட்டுக்கு அடியில புடவைப் பையைத் திணிக்கிறது! அங்க ஏர்பேக் வயரு போகுது, இழுபட்டா லைட்டு எரியும். பையை வெளிய எடுங்க, மஞ்சள் கனெக்டரை மட்டும் நீங்க நோண்டாதீங்க, அது தெரிஞ்சவங்க பேட்டரியைக் கழட்டிட்டுப் பண்ற வேலை.

இங்க டர்பன்ல விட்டுட்டுப் போற வண்டிக்கும் ஒரு மாசத்துக்கு மேலன்னா நெகட்டிவைக் கழட்டி வச்சிட்டுப் போங்க, பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது ரேடியோ ரகசிய நம்பரு கேக்குற வண்டின்னா முதல்ல அந்த நம்பரைத் தேடி எடுத்துட்டு. கடலோரம் குடியிருக்குறவங்க டெர்மினல்ல கொஞ்சம் வாசலினும் தடவிடுங்க, உப்புக்காத்து சும்மா விடாது.

அப்புறம் அந்த டாங்கிளு, பாத்து முடிச்சதும் பிடுங்கிடுங்க. நான் மூணு நாள் மறந்துட்டேன், பேட்டரியும் பழசு, காலைல செல்ஃப் எடுக்கல, பாட்டன் ஊரைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல இருந்தவனை அந்த ஊர்க்காரங்களே பத்து பேரு சேந்து தள்ளித்தான் அனுப்பி வச்சாங்க.