ஃபிரிட்ஜுக்குள் குளம்: காய்ந்த தட்டு கொடுத்த துப்பு

நான்கு நாள் பயணம் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து, ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் தேங்கியது. துடைத்தால் மறுநாள் காலை மீண்டும் அதே அளவு.

முதலில் பிள்ளைகள் மேல் சந்தேகம், பாட்டில் தண்ணீரைச் சிந்துகிறார்களோ என்று. பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். பயனில்லை, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதுதான் மிச்சம். அடுத்து கதவு ரப்பர். ஒரு காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்தேன், இறுக்கமாகத்தான் பிடித்தது. குளிர்ச்சியைக் குறைத்துப் பார்த்ததில் பால் திரிந்ததுதான் கண்ட பலன்.

மூன்றாம் நாள் பெருக்குவதற்காக ஃபிரிட்ஜை நகர்த்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தட்டு ஈரமே இல்லாமல் காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. அது காய்ந்திருக்கக் கூடாது. உள்ளே பின்சுவரில் உருகும் பனிநீர் ஒரு சிறு துளை வழியாக இறங்கி, அந்தத் தட்டில் சேர்ந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாக வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே பின்சுவரின் அடியில் அந்தத் துளையைத் தேடினேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை ஏற்றி மெதுவாகச் செலுத்தினேன். இரண்டு முறை நீர் திரும்பி வந்தது. மூன்றாம் முறை பின்தட்டில் சொட்டும் சத்தம்! கூடவே அழுகிய இலைத் துணுக்கு ஒன்றும் வந்து விழுந்தது. ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் கீரைக் கட்டைப் பின்சுவரோடு ஒட்டித் திணித்தது நான்தான்.