காஃப்கா கனெக்ட் நோடு ரீஸ்டார்ட்: என் அனுபவம்

காஃப்காவுக்கும் பிற சிஸ்டங்களுக்கும் இடையே டேட்டாவை நகர்த்தும் கருவிதான் காஃப்கா கனெக்ட். ஒரு சிஸ்டத்தை காஃப்காவோடு இணைப்பது கனெக்டர், அதை ஓட்டும் சர்வர் நோடு. கனெக்டரின் அமைப்பை மாற்ற ரீஸ்டார்ட் தேவையில்லை. புது அமைப்பை ரெஸ்ட் ஏபிஐ (வெளியிலிருந்து கட்டளை அனுப்பும் வழி) வழியாக ஏதாவது ஒரு நோடுக்கு அனுப்பினால் போதும். நோடின் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை (அதன் சொந்த அமைப்பு ஃபைல்) மாற்றினால்தான் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

அப்படி முதல் நோடை நிறுத்தியதும் அதன் டாஸ்க்குகள் (கனெக்டர் வேலையின் துண்டுகள்) வேறெங்கும் போகாமல் ‘அன்அசைன்ட்’, அதாவது எந்த நோடுக்கும் ஒதுக்கப்படாதவை, என்று நின்றன. லாகில் ஒரு பிழையும் இல்லை. விஷயம் இதுதான்: 2.3 பதிப்பு முதல், போன நோடு திரும்புமா என்று கிளஸ்டர் (நோடுகளின் கூட்டம்) வழக்கமாக 5 நிமிடம் காத்திருக்கும். அதற்குள் எழுந்தால் பழைய வேலை அதற்கே. எங்கள் நோடு எழவே அதைவிட அதிக நேரமானது. பார்த்தால், கனெக்டர்களின் நிரல் இருக்கும் ப்ளக்இன் ஃபோல்டரில் யாரும் தொடாத பழைய ஜார் (ஜாவா நிரல்) ஃபைல்கள் குவிந்து கிடந்தன. தொடங்கும்போது நோடு அத்தனையையும் துழாவுகிறது, பாவம். அவற்றைத் தூக்கியதும் சரியானது. இப்போது எல்லா டாஸ்க்கும் ‘ரன்னிங்’ காட்டிய பிறகுதான் அடுத்த நோடு.