ஊர்ல ஆச்சி கட்டுற மாதிரி கிறிஸ்மஸ் குடில் கட்டணுமா?

இயேசு பொறந்த மாட்டுக் கொட்டகைய பொம்மைங்களோட வீட்ல அமைக்கிறதுதான் குடில். அது டிசம்பர் 24 காலையில உக்காந்து கட்டுற வேலை இல்லங்க, 10 நாளைக்கு முன்னாடியே கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவச்சு, பழைய தாம்பாளத்துல ரெண்டு விரக்கடை மண்ணு பரப்பி நெருக்கமா தூவிடணும். மேல கொஞ்சம் வைக்கோல் மூடி, தண்ணிய கையால தெளிங்க, செம்போட ஊத்துனா விதையெல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கிடும். முளை எட்டிப் பாத்ததும் வைக்கோலை எடுத்துட்டு வெளிச்சத்துல வைங்க, பண்டிகைக்குள்ள குட்டி வயலு மாதிரி பச்சப்பசேல்னு நிக்கும். எங்க ஆச்சிக்கு இந்தப் பச்சை இல்லாம குடிலே கிடையாது, எனக்கும் அப்படித்தான்.

கொட்டகைக்கு நாலு கம்பு, மேல பனை ஓலை, அவ்ளோதான். மலைக்கு சாக்கை களிமண் தண்ணில முக்கி, கசக்கி நிறுத்திக் காயவிடுங்க. குளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, ஓரத்தை மண்ணால மூடிட்டா நிஜத் தண்ணி மாதிரியே தெரியும். சீரியல் லைட் ஓலைய தொடாம பாத்துக்கோங்க, மெழுகுவத்தி உள்ள வேண்டவே வேண்டாம்.

1223ல இத்தாலியில கிரெச்சியோங்கற ஊர்ல புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் குடில் வச்சாரு, அதனால பொம்மை குறையுதேன்னு கவலைப்படாதீங்க, களிமண்ல பிள்ளைங்களே ஆடு மாடு புடிக்கட்டும்.

பாலன் இயேசுவ மட்டும் முன்னாடியே வைக்காதீங்க. ராத்திரி பூசை முடிஞ்சு வந்ததும் வீட்லயே சின்னப்பிள்ளை கையால வைக்கணும், தூக்கக் கலக்கத்துல ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சு எடுத்துட்டு வரும் பாருங்க, அந்த நேரம் வீடே அமைதியாயிடும். பாலனைப் பாக்க வந்த மூணு ராஜாக்களை தூரத்துல நிறுத்தி தினம் கொஞ்சம் நகத்துங்க, அவங்க திருநாளான ஜனவரி 6க்கு வந்து சேரட்டும். அப்புறம் அந்தக் கேழ்வரகுப் பயிரை ஆட்டுக்குப் போட்டுடலாம்.