கார் டயர் பஞ்சர்: ஒட்டலாமா, மாற்றணுமா?

எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்குள் இரண்டு பஞ்சர். முதலாவது, பக்கத்து வீட்டில் மரவேலை நடந்தபோது ஏறிய ஒரு விரல்நீள ஸ்க்ரூ. பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்த டயரை ஒட்டி இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது, குண்டூசி மாதிரி ஒரு சின்னக் கம்பித்துண்டு. விராலிமலை தாண்டி மதுரை ரோட்டில் மச்சான் ஓட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று காற்றில்லாத டயரிலேயே இரண்டு கிலோமீட்டர் உருட்டிவிட்டார். அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

பெரிய ஆணி ஏறியது பிழைத்தது, சின்னக் கம்பி ஏறியது போனது. ஏன் என்று புரிந்துகொண்டால், பஞ்சர் கடையில் நின்று "என்ன சார் பண்ணலாம்?" என்று கேட்கும்போது உங்களால் பதில் சொல்ல முடியும். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் ட்யூப்லெஸ் டயர்தான் என்பதால், இங்கே சொல்வது அதற்குத்தான்.

1. ஆணியைப் பிடுங்காதீர்கள், வண்டியை உருட்டாதீர்கள்

ட்யூப்லெஸ் டயரில் ஏறிய ஆணி, தானே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் காற்று சட்டென்று போகாமல் ராத்திரி முழுக்க மெல்லமெல்ல இறங்குகிறது. பிடுங்கினால் அந்த நிமிஷமே இறங்கிவிடும். வீட்டு வாசலில் பார்த்தால், முதலில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேஜ் வைத்துப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, கடையும் பக்கத்தில்தான் என்றால், காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகப் போகலாம். டயர் தரையோடு அமுங்கிக் கிடந்தால் ஸ்டெப்னி மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஐம்பது மீட்டர்தானே என்று உருட்ட வேண்டாம். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை என்றால் டயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்களைப் பற்றி யோசியுங்கள். வண்டியை நன்றாக ஓரம் கட்டி, ஹஸார்டு லைட் போட்டு, கூட வந்தவர்களை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கவைத்துவிட்டு, அப்புறம் ஜாக்கியை எடுக்கலாம்.

2. எங்கே குத்தியிருக்கிறது?

டயரை மூன்று பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். ரோட்டைத் தொடும் பட்டன் பகுதி, எழுத்தெல்லாம் இருக்கும் பக்கச்சுவர், இரண்டும் சேரும் வளைவான தோள்.

பட்டனின் நடுப்பகுதியில் குத்தியிருந்தால் ஒட்டலாம். பட்டன்களுக்கு நடுவே டயரைச் சுற்றி நீளமாகப் பள்ளங்கள் ஓடும் இல்லையா, அவற்றில் இருபக்கமும் கடைசியாக இருக்கும் இரண்டு பள்ளங்களுக்கு இடையே இருக்கும் இடம்தான் பத்திரமான இடம். அந்தப் பகுதிக்கு அடியில் இரும்புக்கம்பி அடுக்குகள் இருக்கின்றன. அதிகம் வளையாது, ஒட்டும் பிடித்து நிற்கும். பக்கச்சுவரில் அந்த அடுக்கு இல்லை, நூலிழைகள் மட்டும்தான். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. அங்கே எந்த ஒட்டும் நிற்காது. தோளும் அப்படித்தான். "சைடுல குச்சி (ரப்பர் ஸ்ட்ரிப்) போட்டுத் தரேன், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால், ஸ்டெப்னியோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

3. ஓட்டை எவ்வளவு பெரிசு?

6 மில்லிமீட்டர் வரை ஒட்டலாம். சாதாரண பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர். அதனால் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை என்றால் டயர் முடிந்தது. கிழிசல், வெட்டு எதுவானாலும் அதே கதைதான். எங்கள் ஸ்க்ரூ நீளமாக இருந்ததே தவிர, தடிமன் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சாய்வாக இறங்கியிருந்தால் கவனம் வேண்டும். வெளியே நடுவில் தெரியும் ஆணியின் முனை, உள்ளே தோள் வரை போயிருக்கலாம். பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வந்திருந்தாலும் ஒட்டக்கூடாது.

4. டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள்

நிறையப் பேர் விட்டுவிடும் படி இதுதான். என்னைக் கேட்டால் முடிவே இங்கேதான் இருக்கிறது.

கார் எடையைத் தாங்குவது ரப்பர் கிடையாது, உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போனபின் உருட்டினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே பக்கச்சுவர் மடங்கி மடங்கி நசுங்கும், சூடேறும், உள்ளே இருக்கும் நூலிழைகள் அறும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்றடித்தால் பழையபடி விறைப்பாக நிற்கும். அப்புறம் ஒரு வெயில் நாளில் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்தப் பலவீனமான பக்கச்சுவர் வெடிக்கும்.

மச்சானின் டயரைக் கடைக்காரர் ரிம்மிலிருந்து பிரித்ததும், "சார், கைய உள்ள விட்டுப் பாருங்க" என்றார். விரலை எடுத்தேன், கண்மை பூசிய மாதிரி கறுப்புத் தூள். டயரைச் சாய்த்துத் தட்டினார், அரைக் கைப்பிடி ரப்பர் பொடி கீழே கொட்டியது. உள்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு வளையம், தேய்த்து உரித்த மாதிரி சொரசொரப்பாக. கம்பித்துண்டு போட்ட ஓட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "ஓட்டை ஒண்ணுமில்ல சார், ஓட்டுனதுதான் கொன்னுருச்சு" என்றார் அவர்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது: உள்ளே ரப்பர் பொடி, பக்கச்சுவரில் வளையமாகத் தேய்மானம், சுருக்கம், நூல் தெரிதல், வெளியே வீக்கம். இதில் ஒன்று இருந்தாலும் ஒட்ட வேண்டாம். நல்ல டயரின் உள்பக்கம் வழுவழுப்பாக, ஒரே நிறமாக இருக்கும். தொட்டாலே தெரிந்துவிடும்.

ஓட்டையை அடைக்க டயருக்குள் சீலன்ட் என்ற திரவத்தை ஊற்றியிருந்தால், பிரிப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் துடைத்து எடுத்தால்தான் அவரால் எதையும் பார்க்க முடியும்.

5. ஒட்டுவதற்குத் தகுதியான டயர்தானா?

பட்டன் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், பஞ்சர் ஆகாவிட்டாலும் மாற்ற வேண்டிய டயர்தான். அதற்கு ஒட்டுக் காசு வீண். வயசைப் பார்க்க, பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்து வருஷம் தாண்டி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் நான் ஒட்டமாட்டேன்.

6. ஒட்டுவது என்று முடிவானால்

கடைகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, டயரைக் கழற்றாமலே அரம் மாதிரி ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பசை தோய்த்த ஸ்ட்ரிப்பைத் திணிப்பது. ஐந்து நிமிஷ வேலை. ரோட்டோரத்தில் மாட்டிக்கொண்டால் இது கைகொடுக்கும். ஆனால் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. ஸ்ட்ரிப் ஓரமாக ஈரம் இறங்கினால், அடியில் இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று மஷ்ரூம் பேட்ச். காளான் வடிவ ரப்பர். தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். டயரைப் பிரித்து, உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவிக் காயவிட்டு, தண்டை வெளியே இழுத்து, உருளையால் அழுத்தி ஒட்டுவார்கள். நேரமும் காசும் கூட ஆகும். ஆனால் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அவசரத்துக்கு ஸ்ட்ரிப் போட்டிருந்தாலும், ஊர் வந்ததும் பிரித்துப் பார்த்து மஷ்ரூம் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது வீல் பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி சரிசெய்வது) செய்யச் சொல்லுங்கள்.

7. மாற்றுவது என்று முடிவானால்

ஒன்று மட்டும் போதுமா, ஜோடியாக மாற்ற வேண்டுமா என்பது, எதிர்ப்பக்க டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதுவும் புதுசு மாதிரி இருந்தால் அதே அளவு, அதே மாடலில் ஒன்று போதும். பாதி தேய்ந்திருந்தால் ஜோடியாகப் போடுங்கள். புது ஜோடி பின்சக்கரத்துக்குப் போகட்டும். மழையில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். முன்சக்கரம் வழுக்குவதைவிட அதைச் சமாளிப்பது கஷ்டம்.

8. மறுநாள் காலை

ஒட்டி வந்த டயரை மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், கேஜ் வைத்துப் பாருங்கள். ஓடிய சூட்டில் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதனால் ஆறிய டயரில்தான் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால், சோப்புத் தண்ணீரை ஒட்டின் மேல் ஊற்றுங்கள், வால்வு வாயிலும் ரிம் ஓரத்திலும் ஊற்றுங்கள். எங்கள் ஸ்க்ரூ டயரில் இரண்டாம் நாள் மூன்று பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது. ஒட்டுதான் விட்டுவிட்டது என்று நினைத்தேன். நுரை வந்தது வால்வு வாயில். உள்ளே இருக்கும் பின்னை மாற்றினார்கள், இரண்டு நிமிஷ வேலை. அதற்கப்புறம் இறங்கவேயில்லை.